வெளியூரில் ஓர் அரை மாரத்தான்: பயணம், உடல்நலம், பணம்

நெடுந்தொலைவு ஓட்டம் நம் நாட்டில் ஒரு காலத்தில் விளையாட்டு வீரர்களுக்கும் படைவீரர்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. 2004-ஆம் ஆண்டு மும்பை மாரத்தான் இன்றைய வடிவில் தொடங்கிய பிறகு, அலுவலகப் பணியாளர்களும் இல்லத்தரசிகளும் ஓய்வு பெற்றவர்களும் ஓடத் தொடங்கினர். பெருநகரங்களில் வேரூன்றிய இவ்வழக்கம் இப்போது மலையடிவாரச் சிறு நகரங்களுக்கும் பரவியுள்ளது. விடுமுறைப் பயணத்தையும் ஓட்டத்தையும் இணைத்துக்கொள்ளும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. கணவனோ மனைவியோ ஓட, மற்றவர்கள் ஊர் சுற்றிப் பார்க்கின்றனர்.

இவ்வகைப் பயணத்துக்குத் தயாராவோர் பெரும்பாலும் கால்களை மட்டுமே தயார் செய்கின்றனர். உள்ளூர் ஓட்டத்தில் அது ஓரளவு போதுமானது. வெளியூர் ஓட்டத்தில் புதிய காற்று, புதிய உணவு, உறக்கம் கெட்ட இரவு, அறிமுகமில்லாத மருத்துவமனை ஆகியவையும் உடன் ஓடுகின்றன. இவற்றுடன் கண்ணுக்குத் தெரியாத மற்றோர் ஆபத்தும் உண்டு. பதிவுக் கட்டணம், பயணச்சீட்டு, அறை வாடகை என்று ஏற்கெனவே செலவழித்த பணம், ஓடக் கூடாத உடல்நிலையிலும் ஓட்டக்காரரைத் தொடக்கக் கோட்டுக்கு இழுத்துச் செல்கிறது. எனவே, ஓடுவதற்குத் திட்டமிடும்போதே, தேவையானால் ஓடாமல் திரும்புவதற்கும் திட்டமிட வேண்டும் என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் பாடம். மகாராட்டிரத்தின் சாத்தாராவையும் லடாக்கின் லே நகரையும் எடுத்துக்காட்டுகளாகக் கொண்டு இதனைக் காண்போம்.

தொலைவின் இயல்பு

முழு மாரத்தானின் தொலைவு 42.195 கிலோமீட்டர். 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இத்தொலைவு, 1921-இல் உலக அளவில் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அதில் சரிபாதியான 21.0975 கிலோமீட்டரே அரை மாரத்தான். ஒலிம்பிக்கில் அரை மாரத்தான் போட்டி கிடையாது. ஆயினும் 1992-இல் இதற்கெனத் தனி உலகப் போட்டி தொடங்கப்பட்டது.

வேலைக்குச் செல்லும் மனிதர் தம் அன்றாடக் கடமைகளைக் குலைக்காமல் பழகக்கூடிய தொலைவு இது. தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்பட்டுள்ள மாவுச்சத்து, சமதளத்தில் மிதமான வேகத்தில் இத்தொலைவைக் கடக்கப் பெரும்பாலும் போதும். முழு மாரத்தானில் முப்பது கிலோமீட்டரைத் தாண்டியபின் பலர் சந்திக்கும் திடீர்த் தளர்ச்சி இதில் அரிது. ஆனால் இக்கணக்கு சமதளத்துக்கே பொருந்தும். ஏற்றமும் மெல்லிய காற்றும் சேரும்போது, அதே 21 கிலோமீட்டர் வேறொரு தொலைவாகிவிடுகிறது.

முதல் எடுத்துக்காட்டு: சாத்தாரா

தில்லியில் தொடங்கி மும்பை, புனே, பெங்களூரு வழியாகச் சென்னையில் முடியும் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், புனேக்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் சாத்தாரா உள்ளது. அஜிங்க்யதாரா கோட்டையின் அடிவாரத்தில் அமைந்த இந்நகரம் மராட்டியப் பேரரசின் தலைநகராக விளங்கியது. 2012-ஆம் ஆண்டு முதல் இங்கு மலை அரை மாரத்தான் நடைபெறுகிறது. உள்ளூர் ஓட்டக்காரர்களின் முயற்சியால் தொடங்கிய இந்நிகழ்வு, மலை ஓட்டத்தில் மிகப் பலர் பங்கேற்றமைக்காகக் கின்னஸ் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

நகரிலிருந்து யவதேஷ்வர் மலைப்பாதையில் ஏறி, காஸ் பீடபூமிக்குச் செல்லும் சாலையில் பாதித் தொலைவு சென்று, அதே வழியில் இறங்கி வருவது இவ்வோட்டத்தின் இயல்பு. யுனெஸ்கோ 2012-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுள் காஸ் பீடபூமியும் ஒன்று. மழைக்காலத்தின் இறுதியில் அங்குச் சிறு பூக்கள் நிலத்தை மூடிப் பூக்கும். ஓட்டமும் அப்பருவத்தை ஒட்டியே நடப்பதால், மூடுபனியும் தூறலும் ஈரச் சாலையும் எதிர்பார்க்கத்தக்கவை.

புதியவர்கள் ஏற்றத்தைக் கண்டு அஞ்சுகின்றனர். உண்மையில் ஏற்றம் ஓட்டக்காரரை ஏமாற்றுவதில்லை. மூச்சு வாங்கும்போது அவரே வேகத்தைக் குறைத்துவிடுவார். இறக்கமே ஏமாற்றுகிறது. இறங்கும்போது முன்தொடைத் தசைகள் உடலின் எடையைத் தாங்கி நிறுத்தும் தடைக்கட்டையைப் போல வேலை செய்கின்றன. சுருங்க முயலும் தசை அதே வேளையில் நீட்டப்படுகிறது. இதனால் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. மூச்சு எளிதாக இருப்பதால் அப்போது எதுவும் தெரியாது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படிக்கட்டு இறங்க முடியாமல் கால்கள் வலிக்கும்போதுதான் காரணம் விளங்கும்.

ஆகவே நேரக் கணக்கை மாற்றி அமைக்க வேண்டும். சமதளத்தில் 2 மணி 15 நிமிடத்தில் அரை மாரத்தானை முடிப்பவரின் வேகம், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 நிமிடம் 24 விநாடி. அவர் சாத்தாராவில் அதே வேகத்தைப் பிடிக்க முயன்றால் நான்காவது கிலோமீட்டரிலேயே தளர்வார். ஏற்றத்தில் கிலோமீட்டருக்கு 8 நிமிடம், இறக்கத்தில் 7 நிமிடம் என்று கணக்கிட்டுக்கொண்டால், 2 மணி 40 நிமிடத்துக்குள் நல்ல உடல்நிலையில் முடிக்கலாம். செங்குத்தான வளைவுகளில் விரைந்து நடப்பது இழுக்கன்று. அனுபவம் மிக்க மலை ஓட்டக்காரர்களும் அவ்வாறே செய்கின்றனர். இறங்கும்போது அடிகளைச் சிறிதாகவும் அடிக்கடியும் வைத்து, உடலைப் பின்னோக்கிச் சாய்க்காமல் ஓட வேண்டும்.

இரண்டாம் எடுத்துக்காட்டு: லே

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. 2010 ஆகஸ்டு மாதத்து மேகவெடிப்பு இந்நகரையும் சுற்றுவட்டாரத்தையும் பெரும் அழிவுக்கு உள்ளாக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2012-இல் லடாக் மாரத்தான் தொடங்கியது. அரை மாரத்தான், முழு மாரத்தான் ஆகியவற்றுடன் கர்துங் லா கணவாயைக் கடக்கும் 72 கிலோமீட்டர் ஓட்டமும் இதில் அடங்கும். செப்டம்பர் மாதத்தில் இது நடைபெறுகிறது.

உயரமான இடங்களில் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. அங்கும் அது 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. எனவே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன், புதிதாக வந்தவருக்கு ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று அதிகமாகவோ குறையும். சமதளத்தில் 2 மணி 15 நிமிடம் எடுப்பவர், சில நாள் அங்குத் தங்கிப் பழகிய பின்னரும் 2 மணி 45 நிமிடத்தை எதிர்பார்ப்பதே முறை. நகரம் சிந்து நதிப் பள்ளத்தாக்கை விட உயரத்தில் இருப்பதால், நதியை நோக்கி இறங்கும் எந்தப் பாதையும் திரும்பும்போது ஏறியாக வேண்டும். சாத்தாராவில் முதலில் ஏறி முடித்துவிடலாம். இங்கோ களைத்த பின்னர் ஏற நேரிடும்.

தில்லியிலிருந்து விமானத்தில் சென்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் லேயை அடையலாம். ஆனால் தில்லியின் உயரம் 220 மீட்டருக்கும் குறைவு. ஒரே தாவலில் மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிய உடல், அம்மாற்றத்தை உணர்ந்து மூச்சின் வேகத்தையும் இரத்தத்தின் இயல்பையும் சரிசெய்துகொள்ள நாட்கள் தேவை. வந்திறங்கிய முதல் இரண்டு நாட்கள் முழு ஓய்வு, மூன்றாம் நாள் நடை, அதன்பின் மெல்லோட்டம் என்ற வரிசையை மீறலாகாது. ஓட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாட்களுக்கு முன்னரே போய்ச் சேர்வது நல்லது. நேரமுள்ளவர்கள் ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகச் சாலையில் செல்லலாம். கார்கில் ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் உள்ளதால், அங்கு ஓரிரவு தங்குவது உடலைப் படிப்படியாகப் பழக்கும்.

தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், உறக்கமின்மை ஆகியவை உயர நோயின் முதல் அடையாளங்கள். அவை தோன்றினால் மேலும் உயரத்துக்குச் செல்லாமல் ஓய்வெடுக்க வேண்டும். ஓய்வாக இருக்கும்போதும் மூச்சுத்திணறல், இடைவிடாத இருமல், நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அது உயிருக்கு ஆபத்தான நிலை. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்வதும் தாழ்வான இடத்துக்கு இறங்குவதுமே வழி. உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மருந்தை மருத்துவர்கள் பரிந்துரைப்பது உண்டு. சல்ஃபா மருந்துகளால் ஒவ்வாமை உள்ளவர்கள் அதனை மருத்துவரிடம் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். தாமாக வாங்கி உண்ணலாகாது. உயரத்தில் தங்கும் முதல் நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் அறவே கூடாது.

பன்னிரண்டு வாரப் பயிற்சி

ஐந்து கிலோமீட்டர் தொலைவை நிற்காமல் ஓடக்கூடியவர், பன்னிரண்டு வாரப் பயிற்சியில் அரை மாரத்தானுக்குத் தயாராகலாம். நாற்பது வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு நேர்ந்தவர்களும் முதலில் மருத்துவரைக் காண வேண்டும்.

வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டமும், ஒரு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் போதும். இரண்டு ஓட்டங்கள் குறுகியவை. வார இறுதியில் ஒன்று நீண்டது. நீண்ட ஓட்டத்தை முதல் வாரத்தில் 8 கிலோமீட்டரில் தொடங்கி, வாரந்தோறும் ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் கூட்ட வேண்டும். ஒவ்வொரு நான்காம் வாரமும் தொலைவைக் குறைத்து உடலைத் தேறவிட வேண்டும். பத்தாம் வாரத்தில் 17 அல்லது 18 கிலோமீட்டரை எட்டினால் போதுமானது. கடைசி இரண்டு வாரங்களில் தொலைவு குறைய வேண்டும். அப்போது ஓடும் கூடுதல் கிலோமீட்டர்கள் களைப்பை மட்டுமே சேர்க்கும். நீண்ட ஓட்டத்தின்போது, உடன் ஓடுபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பேச முடிந்தால் வேகம் சரியானது.

மலை இல்லாத ஊரில் வாழ்பவர்கள் மேம்பாலச் சரிவையும் அடுக்குமாடிப் படிக்கட்டையும் பயன்படுத்தலாம். ஏறுவதுடன் இறங்குவதையும் பயிற்சியாகக் கொள்வது இன்றியமையாதது. சிறு அளவில் இறக்கப் பயிற்சிக்கு ஒருமுறை உட்பட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அத்தகைய சிதைவை நன்கு தாங்கிக்கொள்ளும் என்பது உடலியல் உண்மை. ஓட்டத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன் செய்யும் அரை மணி நேர இறக்கப் பயிற்சி சாத்தாராவில் பயன்தரும். லேயின் மெல்லிய காற்றுக்கோ கடற்கரை ஊரில் பயிற்சி கிடையாது; அங்குத் தங்கும் நாட்களே அதற்கான பயிற்சி.

பயண நாட்கள்

நீண்ட தொடர்வண்டிப் பயணத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையே ஓரிரவாவது படுத்து உறங்க இடம் இருக்க வேண்டும். வெள்ளி இரவு பேருந்தில் கிளம்பிச் சனி மாலை போய்ச் சேர்ந்து ஞாயிறு விடியலில் ஓடுவது, வீக்கம் கண்ட கால்களுடனும் உறங்காத கண்களுடனும் ஓடுவதாகும். புது இடத்தில் ஓட்டத்துக்கு முந்தைய இரவு பலருக்கும் உறக்கம் சரியாக வராது. அதனால் பெரிய கேடில்லை. அதற்கு முந்தைய இரண்டு இரவுகளின் உறக்கத்தைக் காத்துக்கொள்வதே முக்கியம்.

ஓடும் காலணி, உடை, மருந்து ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி தவறினாலும் ஓட்டம் தவறாது. பழகாத புதுக் காலணியை அன்று அணிவது கொப்புளத்தை விலைக்கு வாங்குவதாகும். பருத்தி உடை வியர்வையையும் மழைநீரையும் பிடித்துவைத்துத் தோலை உராயும். உராயும் இடங்களில் முன்கூட்டியே வாசலின் தடவிக்கொள்வது நலம்.

உணவில் புதுமை வேண்டா. சாத்தாராவின் கந்தி பேடா புகழ்பெற்ற பால் இனிப்பு. அதனை ஓட்டம் முடிந்தபின் சுவைக்கலாம். முந்தைய நாள் பகலில் சோறும் பருப்பும், இரவில் எளிய உணவும் போதும். ஓட்ட நாள் விடியலில் வாழைப்பழம், ரொட்டி, அவல் என்று ஏற்கெனவே பயிற்சி நாட்களில் உண்டு பழகியவற்றை, தொடக்க நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக உண்ண வேண்டும். விடியற்காலையில் விடுதிச் சமையலறை திறந்திருக்கும் என்று நம்பலாகாது. தேவையானவற்றை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

நீர்: மிகுதியும் தீங்கே

தாகம் எடுக்கும் முன்னரே நிறைய நீர் அருந்த வேண்டும் என்ற அறிவுரையை முன்பு பலரும் கூறினர். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களுள் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு, 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் இயல்பை விடக் குறைந்திருந்ததைக் காட்டியது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்கு நீர் அருந்தியவர்களிடமும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடமும் இக்குறைபாடு அதிகம் காணப்பட்டது. சோடியம் மிகவும் குறைந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம். நீர் வழங்கும் ஒவ்வோர் இடத்திலும் நின்று நிதானமாக நடந்து ஓடும் புதியவர்களுக்கே இதில் எச்சரிக்கை அதிகம் தேவை.

தாகத்துக்கேற்ப, ஒரு முறைக்குச் சில மடக்குகள் அருந்துவதே இன்றைய பொது அறிவுரை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்கள், மணிக்கு 30 கிராம் அளவிலாவது மாவுச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய வாழைப்பழத்தில் ஏறக்குறைய அந்த அளவு உண்டு. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை உடன் வைத்துக்கொள்ளலாம். பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரில் மட்டுமே அதனைக் கரைக்க வேண்டும். ஓட்டத்துக்கு முன் ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை உண்பது சிறுநீரகத்துக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும்.

பணமும் ஆவணங்களும்

செலவைப் பதிவு, பயணம், தங்கல், உணவு, அவசர ஒதுக்கீடு என ஐந்து தலைப்புகளில் எழுதிக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக மொத்தத் தேவை 30,000 ரூபாய் என்று கொண்டால், ஆறு மாதங்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் சேமித்து, கடன் அட்டையின் துணையின்றிச் செல்லலாம். இதில் 3,000 ரூபாயை அவசர ஒதுக்கீடாகத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். லே போன்ற உயரமான ஊருக்குச் செல்பவர்களுக்கு, பழகுவதற்காகத் தங்கும் நாட்களின் வாடகையே பெருஞ்செலவாக அமையும். செலவைக் குறைக்க அந்நாட்களை வெட்டுவது, வீட்டைக் கட்டும்போது அடித்தளத்தில் சிக்கனம் பார்ப்பதற்கு ஒப்பாகும். போதிய பணம் சேரவில்லையெனில் ஓராண்டு தள்ளிப்போடுவதே தகும்.

பதிவுக் கட்டணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. அறையும் பயணச்சீட்டும் அப்படியல்ல. ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், எந்த நாள் வரை ரத்து செய்யலாம் என்பவற்றை முன்பதிவு செய்யும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். சிறிது கூடுதல் வாடகைக்கு ரத்து செய்யும் வசதி கிடைக்குமானால், அக்கூடுதல் தொகையைக் காப்பீட்டுத் தவணையாகவே கருதலாம். சிறு நகரங்களில் ஓட்ட வாரத்தில் விடுதிகள் விரைவில் நிரம்பிவிடும். எனவே பதிவு உறுதியான உடனே அறையையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கைப்பேசி வழியாகவே பணம் செலுத்திப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லடாக்கிலும் ஜம்மு காஷ்மீரிலும் பிற மாநிலங்களின் ப்ரீபெய்டு சிம் அட்டைகள் செயல்படுவதில்லை; போஸ்ட்பெய்டு இணைப்புகளே செயல்படும். ப்ரீபெய்டு எண்ணை வங்கிக் கணக்குடன் இணைத்திருப்பவருக்கு அங்கு ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேராது; அதனால் இணையவழிப் பணப்பரிமாற்றங்கள் தடைப்படும். பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னரே அதே எண்ணைப் போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்வது ஒரு வழி. எவ்வாறாயினும் பற்று அட்டையையும் இரண்டு மூன்று நாள் செலவுக்கான ரொக்கத்தையும் தனித்தனி இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குப் புதியவரிடம் கட்டணச் சலுகை என்றோ, பதிவு ரத்தாகிவிட்டது என்றோ தொலைபேசியில் கூறிக் கடவுச்சொல்லைக் கேட்பவர் யாராயினும் சொல்லலாகாது.

மருத்துவக் காப்பீட்டு ஆவணத்தில் விலக்குகள் என்ற பகுதியைப் படித்துப் பார்க்க வேண்டும். சாகச விளையாட்டுகளுக்கு இழப்பீடு இல்லை என்று சில திட்டங்கள் குறிப்பிடுகின்றன. மலை ஓட்டம் அதில் அடங்குமா என்பதை நிறுவனத்திடம் எழுத்து வழியாகக் கேட்டுத் தெளிவு பெறலாம். சிறு நகரத்தில் ரொக்கமில்லா மருத்துவ வசதி தரும் மருத்துவமனை இல்லாமல் இருக்கலாம். அந்நிலையில் முதலில் நாமே செலுத்திப் பின்னர் திரும்பப் பெற வேண்டியிருக்கும். ஆகையால் அனைத்துச் சீட்டுகளையும் அறிக்கைகளையும் பத்திரப்படுத்த வேண்டும். ‘பிப்’ எனப்படும் எண் அட்டையின் பின்புறத்தில் பெயர், இரத்த வகை, ஒவ்வாமை, குடும்பத்தினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி வைப்பது ஒரு நிமிட வேலை. அவசர உதவிக்கு 112 என்ற எண் நாடு முழுமைக்கும் பொதுவானது.

ஓடாமல் இருக்கும் முடிவு

ஓட்ட நாள் விடியலில் காய்ச்சல் இருக்கிறது என்று கொள்வோம். அல்லது லேயில் மூன்று நாட்களாகத் தலைவலி நீங்கவில்லை. அப்போது மனம் ஒரு கணக்கைப் போடும்: இவ்வளவு செலவழித்து வந்தாயிற்று, மெதுவாகவேனும் ஓடிவிடலாம். இக்கணக்கு தவறானது. செலவழித்த 27,000 ரூபாய், ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்பப் போவதில்லை. இனி எடுக்கும் முடிவு இனி நேரக்கூடியவற்றை மட்டுமே சார்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு பதக்கமும் புகைப்படமும். மறுபக்கத்தில் மருத்துவமனைப் படுக்கையோ அதனினும் பெரிய இழப்போ நேரக்கூடிய வாய்ப்பு. முதலீட்டில் நட்டம் தரும் பங்கை, வாங்கிய விலையை எண்ணியே விற்காமல் வைத்திருப்பவரின் பிழையும் இதுவே.

விடியலில் தொடக்கக் கோட்டின் ஆரவாரத்துக்கு நடுவே தெளிவாக முடிவெடுப்பது கடினம். எனவே வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே, எந்த நிலையில் ஓடுவதில்லை, எந்த நிலையில் பாதியில் நிறுத்துவது என்று எழுதி, உடன் வருபவரிடம் கொடுத்துவிட வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நீங்காத தலைவலி, நடக்கும்போதே மூட்டில் கூர்மையான வலி ஆகியவை இருந்தால் ஓட்டம் இல்லை. ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம், குழப்பம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அந்த இடத்திலேயே நின்று தன்னார்வலரை அழைக்க வேண்டும். கால வரம்புக்குள் முடிக்க இயலாதவர்களை ஏற்றிவரும் வண்டி அதற்காகவே பின்னால் வருகிறது. அதில் ஏறுவதில் வெட்கத்துக்கு இடமில்லை. அவ்வாறு ஓடாமல் போனாலும் பயணம் வீணாகாதவாறு, ஓட்டத்துடன் தொடர்பில்லாத ஒரு நாளையேனும் திட்டத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது. காஸ் பீடபூமியின் பூக்களும் லேயின் பழைய அரண்மனையும் ஓடாதவர்களுக்கும் உரியவை.

ஓட்டமும் அதன் பின்னரும்

சிறு நகர ஓட்டங்களில் பாதையின் சில பகுதிகளில் முன்னும் பின்னும் யாருமின்றித் தனியே ஓட நேரும். வழிகாட்டும் அம்புக்குறிகளை முதல் நாளே வரைபடத்துடன் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். முதல் ஐந்து கிலோமீட்டரைத் திட்டமிட்டதை விடச் சற்று மெதுவாக ஓடுவது, பழகாத ஊரில் கையிருப்பைக் காக்கும். உள்ளூர்ப் பள்ளிக் குழந்தைகள் சாலையோரம் நின்று கைதட்டுவதும், வீட்டு வாசலில் குடிநீர் வைத்திருப்பதும் இத்தகைய ஊர்களின் இயல்பு. குவளையையும் பழத்தோலையும் தொட்டியில் இடுவதும், நகர்ந்து வழிவிடும் ஊர்க்காரருக்கு ஒரு நன்றி சொல்வதும் விருந்தினரின் கடமை. மலைச்சாலை ஓட்டத்துக்காகச் சில மணி நேரம் மூடப்படும்போது, பால்வண்டியும் பேருந்தும் காத்து நிற்கின்றன என்பதை மறக்கலாகாது.

முடித்தவுடன் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடக்க வேண்டும். ஈர உடையை மாற்றி, ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த உணவை உண்ணலாம். அன்று மாலையே நீண்ட பேருந்துப் பயணம் மேற்கொள்வதைத் தவிர்ப்பது நலம். களைத்த கால்களை மடக்கியபடி பல மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்தால் வீக்கம் கூடும். கால் நரம்பில் இரத்தம் உறையும் வாய்ப்பும் சிலருக்கு உண்டு. ஓரிரவு தங்கிச் செல்வதே சிறந்தது. இயலாதெனில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். வீடு திரும்பியபின் ஒரு வாரம் ஓய்வும் மெல்நடையும் போதும்.

அடுத்த பயணத்துக்கு ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் அதன் உயரத்தையும், பாதையின் ஏற்ற இறக்கத்தையும், அம்மாதத்து வானிலையையும், அருகிலுள்ள மருத்துவமனையின் தொலைவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். அடுத்த வரியில், ஓடாமல் திரும்ப நேர்ந்தால் இழக்கும் தொகையை எழுத வேண்டும். அத்தொகையை இழக்க மனம் ஒப்புமானால், பதிவு செய்யலாம்.